ஐந்தாவது ஆள் யார்: 17 வயதுத் தம்பியா, 32 வயது அண்ணனா?

யாழ்ப்பாணத்தில் நான்கு பேர் சேர்ந்து வீடியோ கேம் போட்டிக்கு அணி கட்டத் தொடங்கினால் அடுத்த கேள்வி உடனே வந்துவிடும்: ஐந்தாவது ஆள் யார்? கவுண்டர்-ஸ்டிரைக், வேலரண்ட், டோட்டா 2 எதுவானாலும் அணிக்கு ஐந்து பேர் வேண்டும். வழக்கமாக இரண்டு பேர் வரிசையில் நிற்பார்கள். ஒருவன் உயர்தரம் படிக்கும் 17 வயதுப் பையன்; எதிரி மூலையில் தலையை நீட்டுவதற்குள் சுட்டு முடித்திருப்பான். மற்றவர் 32 வயதுக்காரர். வங்கியிலோ பிரதேச செயலகத்திலோ வேலை, வீட்டில் கைக்குழந்தை, இரவுச் சாப்பாடு முடிந்த பிறகுதான் கணினியின் முன் உட்கார முடியும். ஆனால் எதிரணி அடுத்து எந்தப் பக்கம் வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்.

பெரும்பாலான அணிகள் யோசிக்காமல் பையனை எடுத்துவிடுகின்றன. '25 தாண்டினால் கை வேகம் போய்விடும்' என்ற பேச்சு கொக்குவிலில் இருந்து பருத்தித்துறை வரை எல்லோர் வாயிலும் இருக்கிறது. அந்தப் பேச்சில் உண்மை உண்டு, ஆனால் அரைவாசிதான். பிறந்த ஆண்டைப் பார்த்து ஆளை எடுப்பது தவறு என்பது என் உறுதியான கருத்து. இந்த ஆட்டத்தை எவ்வளவு காலம் ஆடியிருக்கிறார், யாரோடு ஆடியிருக்கிறார், அணியில் என்ன வேலை செய்திருக்கிறார் என்று கேட்டுத்தான் எடுக்க வேண்டும். ஆட்டத்துக்கு ஆட்டம் விடையும் மாறும்.

கை வேகம் பற்றிய உண்மை

வேகத்தைப் பற்றிய பேச்சுக்கு ஓர் ஆதாரம் இருக்கிறது. கனடாவின் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஸ்டார்கிராப்ட் 2 என்ற வியூக ஆட்டத்தை ஆடுபவர்களின் ஆட்டப் பதிவுகளைச் சேகரித்து 2014 இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 16 முதல் 44 வயது வரையான 3,305 பேரின் பதிவுகள் அதில் இருந்தன. திரையில் புதிதாக ஓர் இடத்தைப் பார்த்த பிறகு முதல் செயலைச் செய்ய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அளந்தார்கள். அந்த நேரம் 24 வயதிலிருந்து மெல்ல மெல்லக் கூடுகிறது என்று கண்டார்கள். '24 வயதிலேயே முதுமை' என்ற தலைப்புகளோடு செய்தி உலகமெங்கும் பரவியது.

ஆய்வின் மீதிப் பகுதியும் அதே அளவுக்கு முக்கியமானது. நன்றாக ஆடுபவர், சுமாராக ஆடுபவர் என்ற வித்தியாசம் இல்லாமல் எல்லோருக்கும் இந்த மந்தம் வருகிறது. திறமை இருந்தால் முதுமை தொடாது என்று நம்பியிருந்த மூத்தவர்களுக்கு இது கசப்பான செய்திதான், அதை மறைக்கக்கூடாது. ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு வேலைகளைக் கவனிக்கும் திறனில் அப்படி ஒரு சரிவு தென்படவில்லை. மூத்த ஆட்டக்காரர்கள் மூளையின் சுமையைக் குறைக்கும் வசதிகளை, உதாரணமாகக் குறுக்கு விசைகளை, அதிகம் பயன்படுத்தி வேக இழப்பை ஈடுசெய்கிறார்கள் என்பதற்கான அறிகுறிகளும் இருந்தன. கை மந்தமாகும்போது தலை வேலை செய்யும் முறையை மாற்றிக்கொள்கிறது.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வயதால் வருடாவருடம் போகும் வேகம் மிகச் சிறியது. அதைவிடப் பெரிய தாமதங்கள் யாழ்ப்பாணத்தில் நம் மேசையிலேயே இருக்கின்றன. ஆட்டம் ஓடும் சிங்கப்பூர் சர்வர் நம்மிடமிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 2,800 கிலோமீற்றர். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் கிலோமீற்றர் போகும். அதாவது கம்பி நேராக இழுக்கப்பட்டிருந்தாலும் போய்வர 28 மில்லிவிநாடி தேவை. உண்மையில் தகவல் முதலில் கொழும்புக்குப் போய், அங்கிருந்து கடலுக்குள் இறங்கி, வளைந்து நெளிந்துதான் சிங்கப்பூருக்குப் போகிறது. மாலையில் எல்லோரும் போனை எடுக்கும் நேரத்தில் 4ஜி இணைப்பில் பிங், அதாவது தகவல் போய்வரும் நேரம், ஏறி இறங்குவதை ஆடுபவர் எவரும் அறிவார். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு சட்டகம் மாற 17 மில்லிவிநாடி, 144 ஹெர்ட்ஸ் திரையில் 7. ஒருவரை 'வயது போய்விட்டது' என்று ஒதுக்குவதற்கு முன், அவருக்கு ஃபைபர் இணைப்பும் நல்ல திரையும் கிடைத்தால் என்ன நடக்கும் என்று பாருங்கள். பையனுடைய வீட்டில் இரண்டும் இருக்கின்றன, மூத்தவர் பழைய மடிக்கணினியில் ஆடுகிறார் என்றால் நீங்கள் இரண்டு மனிதர்களை ஒப்பிடவில்லை, இரண்டு மேசைகளை ஒப்பிடுகிறீர்கள்.

அனுபவம் என்ன செய்கிறது

அனுபவம் என்ற சொல்லை எல்லோரும் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகிறோம். ஆட்டத்துக்குள் அது எப்படி வேலை செய்கிறது என்பதை ஒரு கட்டத்தை வைத்துக் காட்டுகிறேன்.

கவுண்டர்-ஸ்டிரைக்கில் ஒரு சுற்றின் கடைசி நேரம். எதிரணி வெடிகுண்டை வைத்துவிட்டது. வைத்த கணத்திலிருந்து 40 விநாடியில் அது வெடிக்கும். செயலிழக்கச் செய்ய 10 விநாடி வேண்டும். அதற்கான கருவி கையில் இருந்தால் 5. நம் பக்கம் ஒருவர்தான் மிஞ்சியிருக்கிறார், எதிரில் இருவர் ஒளிந்திருக்கிறார்கள். பையன் இந்த இடத்தில் ஓடுவான். இருவரையும் தேடிப் போய்ச் சுடுவான். சில நாள் இருவரும் விழுவார்கள், எல்லோரும் கத்துவோம். பல நாள் முதலாமவனைச் சுடும்போதே இரண்டாமவன் பக்கவாட்டில் இருந்து இவனை முடித்துவிடுவான்.

எங்கள் அணியின் மூத்தவர் ஓடமாட்டார். ஓசை வராமல் நடந்து குண்டுக்குப் பக்கத்தில் வருவார். செயலிழக்கச் செய்யும் விசையை ஒரு கணம் அழுத்துவார்; அந்த ஓசை எதிரிகளுக்குக் கேட்கும். உடனே விரலை எடுத்துவிட்டு, எதிரி எட்டிப் பார்க்கக்கூடிய மூலையில், தலை வரும் உயரத்தில் குறியை வைத்துக் காத்திருப்பார். ஓசையை நம்பி ஒருவன் வெளியே வருவான். வைத்த குறிக்குள் அவனே வந்து நிற்பான். மூத்தவர் அழுத்த வேண்டியது ஒரு சொடுக்குத்தான். இப்போது இரண்டாமவனுக்குச் சந்தேகம் பிடித்துவிடும். மறுபடி ஓசை கேட்டாலும் 'இதுவும் ஏமாற்றுத்தான்' என்று தயங்குவான். அந்தத் தயக்கத்துக்குள் 5 விநாடி போய்விடும், குண்டு அடங்கிவிடும்.

இதில் கை வேகத்துக்குப் பெரிய வேலை இல்லை. எதிரி எங்கே தோன்றுவான் என்று முன்பே தெரிந்தால் பார்த்த பிறகு மவுஸை இழுக்கத் தேவையில்லை. குறியை வைக்கும் இடம் சரியாக இருந்தால் போதும், மந்தமான கையும் வேகமான கையை வெல்லும். யாழ்ப்பாணத்து வீடுகளில் 304 என்ற சீட்டாட்டம் ஆடும் பெரியவர்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இராது. கவிழ்த்து வைத்த துரும்பு என்னவென்று கேட்கப்பட்ட கேள்வியிலிருந்தே, அதாவது ஏலத்திலிருந்தே, ஊகித்துவிடுவார்கள். முப்பது பெறும் ஜாக்கி எத்தனை இறங்கிவிட்டது, யார் கையில் ஒன்பது மிச்சம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். எண்ணற்ற கைகளை ஆடியதால் வந்த அறிவு அது.

வயதும் அனுபவமும் ஒன்றாக வளரவில்லை

மற்ற ஊர்களுக்கு எழுதப்பட்ட ஆலோசனைகள் நமக்குப் பொருந்தாமல் போவது இங்கேதான். தென்கொரியாவில் முப்பதைத் தாண்டிய ஆட்டக்காரர் என்றால் பெரும்பாலும் பள்ளிக்காலத்திலிருந்தே மணிக்கணக்கில் காசு கொடுத்துக் கணினிக் கடைகளில் ஆடியவர் என்று வைத்துக்கொள்ளலாம். 2000 ஆம் ஆண்டிலேயே அங்கே வீடியோ கேம் போட்டிகளுக்கென்று தனித் தொலைக்காட்சி அலைவரிசை வந்துவிட்டது. வயது கூடும்போது அனுபவமும் கூடவே வளர்ந்தது.

குடாநாட்டின் கதை வேறு. 1990 இல் நின்ற மின்சாரம் பல ஆண்டுகள் திரும்பவில்லை. 2002 போர்நிறுத்தத்தின்போது ஏ9 பாதை திறந்த பிறகுதான் நெட் கஃபேக்கள் பரவலாக வந்தன. 2006 ஓகஸ்டில் பாதை மறுபடி மூடப்பட்டது. இன்று முப்பதுகளின் தொடக்கத்தில் இருப்பவர் அப்போது பள்ளிச் சிறுவர். கொரியச் சிறுவன் ஒருவன் இரவெல்லாம் ஆடிய அதே வயதில் இவர் மண்ணெண்ணெய் வரிசையில் நின்றிருக்கலாம். ஆகவே நம் ஊரில் 32 வயதுக்காரர் ஒருவருக்கு இரண்டே வருட அனுபவம் இருக்கலாம். 19 வயதுக்காரன் ஒருவனுக்கு ஒன்பது வருட அனுபவம் இருக்கலாம். அந்த இடத்தில் 'மூத்தவர் அனுபவசாலி' என்று நினைத்து எடுத்தால் இரண்டு பக்கமும் நட்டம்: வேகமும் இல்லை, அனுபவமும் இல்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. டொரன்டோவிலோ லண்டனிலோ வளர்ந்து, திருமணமாகியோ தொழில் தொடங்கியோ ஊருக்குத் திரும்பிய முப்பது வயதுக்காரர்கள் இப்போது நல்லூர், மானிப்பாய்ப் பக்கம் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் பதின்வயதிலிருந்தே கவுண்டர்-ஸ்டிரைக் ஆடியவர்கள். அந்த ஆட்டத்தின் பழைய 1.6 பதிப்புக் காலத்து வரைபடங்கள்கூட அவர்களுக்கு மனப்பாடம். அப்படி ஒருவர் உங்கள் தெருவில் இருந்தால் அவர் வயதைப் பார்க்காமல் கதவைத் தட்டுங்கள். இது என் மனமார்ந்த வேண்டுகோள்.

உலக மேடையில் யார் வென்றார்கள்

பையனை எடுக்கச் சொல்பவர்கள் காட்டும் உதாரணங்கள் வலுவானவை. கவுண்டர்-ஸ்டிரைக் ஆடும் ரஷ்யாவின் டொங்க் 2007 இல் பிறந்தவர். 2024 இல், 17 வயதில், கட்டோவீட்சே போட்டியிலும் 'மேஜர்' எனப்படும் பெரும் போட்டியான ஷாங்காய் மேஜரிலும் அணியோடு வென்று சிறந்த வீரர் விருதையும் பெற்றார். கராச்சியில் பிறந்த சுமெயில் ஹசன் 2015 இல் டோட்டா 2 உலகப் போட்டியை 16 வயதில் வென்றார். ஃபோர்ட்நைட்டின் 2019 உலகக் கோப்பைத் தனிநபர் போட்டியில் மூன்று மில்லியன் டொலர் பரிசை எடுத்தவருக்கும் 16 வயதுதான்.

ஆனால் அந்த அணிகளின் மற்ற நாற்காலிகளில் யார் இருந்தார்கள் என்று பாருங்கள். டொங்க்கின் அணித்தலைவர் சொப்பருக்கு அப்போது 27 வயது. சுமெயிலின் அணியைக் கட்டுப்படுத்தியவரும் அவரைவிட ஏழெட்டு வயது மூத்தவர். பையன் பாய்வதற்கு வழி திறந்துவைத்தவர் ஒருவர் அணிக்குள் இருந்தார். அந்த ஆளில்லாமல் பையனை மட்டும் பார்த்து அணி கட்டுவது அரைக் கணக்கு.

மறுபக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்தவர் கவுண்டர்-ஸ்டிரைக் ஆடும் டென்மார்க்கின் கேரிகன். 2022 இல் ஆன்ட்வெர்ப் மேஜரை ஃபேஸ் அணியின் தலைவராக வென்றபோது அவருக்கு 32 வயது. சுட்டு வீழ்த்தியவர்களின் பட்டியலில் அவர் பெயர் பெரும்பாலும் கீழ்வரிசையில்தான் இருக்கும். தன்னைவிட ஒன்பது, பத்து வயது இளையவர்களுக்குச் சரியான நேரத்தில் சரியான கதவைத் திறந்துவிடுவதுதான் அவருடைய வேலை. நம் ஊர் அணிகள் ஆட்டம் முடிந்ததும் புள்ளிப் பட்டியலைப் பார்த்துக் கடைசியில் இருப்பவரைக் கழற்றிவிடும் பழக்கத்தை விட வேண்டும். அந்தப் பழக்கத்தில் கேரிகனுக்கு யாழ்ப்பாணத்தில் எந்த அணியிலும் இடம் கிடைத்திருக்காது.

லீக் ஆஃப் லெஜெண்ட்ஸின் ஃபேக்கரை எல்லோரும் அறிவார்கள். 2013 இல் 17 வயதில் உலகச் சம்பியன். 2024 இல் 28 வயதில் மறுபடி சம்பியன், இறுதிப் போட்டியின் சிறந்த வீரரும் அவரே. 17 வயதில் எதிரியைத் தனியே எதிர்த்துச் சாய்த்தவர், 28 வயதில் எப்போது சண்டையைத் தொடங்க வேண்டும் என்று தீர்மானிப்பவராக மாறியிருந்தார்.

எல்லாவற்றையும் விட வியப்பானது 2023 இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டு விழாவில் நடந்தது. ஸ்ட்ரீட் ஃபைட்டர் போட்டியில் தங்கம் வென்ற தென்கொரியரான கிம் குவான்-வூவுக்கு 44 வயது. இளைஞர்கள் தூங்கிக்கொண்டிருந்த போட்டியல்ல அது.

இளம் வயதிலேயே ஓய்வு பெறுகிறவர்கள் எல்லோரும் கை மந்தமானதால் போகிறார்கள் என்று நினைப்பதும் சரியில்லை. கொரிய ஆண்களுக்குக் கட்டாய இராணுவ சேவை இருக்கிறது. லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ் ஆடிய சீனாவின் உசி 2020 இல் 23 வயதில் விலகியது நீரிழிவாலும் கையில் ஏற்பட்ட பாதிப்பாலும். நீண்ட நேரம் உட்கார்ந்து, நேரத்துக்குச் சாப்பிடாமல், இரவு முழுவதும் ஆடியதன் விலை அது. அந்த விலையை 17 வயதுப் பையன்களும் கொடுக்கிறார்கள். உடனே தெரிவதில்லை, அவ்வளவுதான்.

எந்த ஆட்டத்துக்கு யார்

கவுண்டர்-ஸ்டிரைக், வேலரண்ட் இரண்டிலும் கலப்பு அணியே சிறந்தது. முதலில் உள்ளே நுழைபவர், தூரத்துத் துப்பாக்கி பிடிப்பவர் இருவரும் இளையவர்களாக இருக்கட்டும். புகைக்குண்டு எங்கே, எப்போது என்று சொல்லும் தலைவர் மூத்தவராக இருந்தால் நல்லது. உங்களிடம் ஏற்கெனவே வேகமான மூவர் இருந்தால் ஐந்தாவது இடத்துக்கு நாலாவது வேகக்காரனைத் தேடாதீர்கள். வேகம் மூன்று பேரிடம் இருந்தால் போதும். தலைமை ஒருவரிடமாவது இருக்க வேண்டும்.

டோட்டா 2 மூத்தவர்களுக்கு இன்னும் இணக்கமானது. நூற்றுக்கு மேற்பட்ட ஹீரோக்களும், அவர்கள் ஒவ்வொருவரும் மற்றவர்களோடு எப்படி ஒத்துப்போவார்கள் என்ற அறிவும் வருடக்கணக்கில்தான் சேரும். ஆட்டம் தொடங்குவதற்கு முன் ஹீரோக்களைத் தேர்ந்தெடுக்கும் கட்டத்திலேயே பாதிப் போட்டி முடிந்துவிடுவதுண்டு. துணை இடங்களில் மூத்தவரையும் நடுப்பாதையில் பையனையும் வைப்பது உலக அணிகள் பலவும் செய்துவருவது.

ஸ்ட்ரீட் ஃபைட்டர், டெக்கன் போன்ற சண்டை ஆட்டங்களில் வயது கிட்டத்தட்டப் பொருட்டே இல்லை. அங்கே எதிராளியின் பழக்கத்தைப் பிடிப்பதுதான் பெரும் வேலை. ஆனால் நேருக்கு நேர் உட்கார்ந்து ஆட எதிராளிகள் வேண்டும். டெக்கன் ஆடும் லாகூரின் அர்ஸ்லான் ஆஷ் 2019 இல் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஈவோ என்ற சண்டை ஆட்டப் போட்டிகளை வென்றபோது உலகம் திகைத்தது. அவர் ஊரிலேயே ஒருவரை ஒருவர் இடைவிடாமல் மோதிக் கூர்மையாக்கிக்கொண்ட ஒரு கூட்டம் இருந்தது. யாழ்ப்பாணத்தில் அப்படி ஒரு பத்துப் பேர் கிழமைக்கு ஒருமுறை ஓர் இடத்தில் கூடினால், வயது எதுவானாலும், இலங்கை மட்டத்தில் நின்று காட்டலாம். ஏன் இன்னும் யாரும் செய்யவில்லை என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. ஐந்து பேரைத் திரட்டி, ஐந்து இணைப்புகளைச் சரிபார்க்கும் பாடும் அதில் இல்லை.

போனில் ஆடும் பப்ஜி மொபைல், ஃப்ரீ ஃபயர் இரண்டுக்கும் பையன்களையே எடுங்கள். தொடுதிரையிலேயே வளர்ந்த விரல்களோடு முப்பது வயது விரல்கள் போட்டி போடுவது கடினம். ஸ்குவாடில் ஒருவர் மூத்தவராக இருந்தால் ஆடும் எல்லையான வட்டம் எங்கே சுருங்கும், எப்போது நகர்வது என்று சொல்ல உதவும். அதற்கு மேல் வேண்டாம்.

ஸ்டார்கிராப்ட் போல நேரடி வியூக ஆட்டங்களுக்கு மேலே சொன்ன ஆய்வே பதில். முப்பதுக்கு மேல் புதிதாகத் தொடங்கி மேல்மட்டத்தை எட்டுவது அரிது.

ஊர் நிலைமை

போட்டித் திறமையை விட, நம் அணிகளை உடைப்பது நேரம். 17 வயதுப் பையனின் நாளைப் பாருங்கள். காலை பள்ளி, பின்னேரம் ரியூஷன், சனி ஞாயிறும் ரியூஷன். இரவு எட்டரைக்கு வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, அம்மா தூங்கிய பிறகு ஹெட்செட்டைப் போடுகிறான். கை வேகம் உச்சத்தில் இருக்கும் அதே இரண்டு வருடத்தில்தான் உயர்தரப் பரீட்சையும் வருகிறது. பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளியில் சிறு பின்னம் குறைந்தால் மொறட்டுவப் பல்கலைக்கழகம் கைவிட்டுப் போகும். பரீட்சை ஆண்டில் ஒரு பையனைச் சுற்றுப்போட்டிக்காக இரவு இரவாக உட்கார வைப்பதை நான் வெளிப்படையாக எதிர்க்கிறேன். எந்த வெற்றிக் கிண்ணமும் அவனுக்கு அந்த வருடத்தைத் திருப்பித் தராது. அணித்தலைவர் அந்தப் பொறுப்பைத் தன்னுடையதாக எடுத்துக்கொள்ள வேண்டும். 'அவன் வரச் சம்மதித்தான்' என்பது பதிலாகாது. வீட்டில் ஒருமுறை போய்ப் பெற்றோரோடு பேசுவது நல்லது.

பரீட்சை முடிந்தாலும் பையன் தங்குவான் என்ற உறுதி இல்லை. பல்கலைக்கழகம் பேராதனையிலோ கொழும்பிலோ கிடைக்கலாம், அல்லது விசா வரலாம். இரண்டு வருடம் செலவழித்து வளர்த்த ஆட்டக்காரன் போய்விட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். 32 வயதுக்காரர் எங்கும் போகமாட்டார். அவருக்குக் கிடைப்பது இரவில் ஒன்றரை மணிநேரம்தான். ஆனால் அந்த ஒன்றரை மணிநேரம் ஒவ்வொரு கிழமையும் கிடைக்கும். கொழும்புக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர் இரவு பஸ்ஸில் போய், காலையில் இறங்கி, அன்றே மூன்று ஆட்டங்கள் ஆட வேண்டுமென்றால் இளம் உடம்புக்குச் சாதகம் உண்டு. அதையும் கணக்கில் எடுக்க வேண்டும். முடிந்தால் முதல் நாளே போய்த் தூங்கி எழுங்கள்.

இன்னொரு சிக்கல் நம் பண்பாட்டோடு சம்பந்தப்பட்டது. அண்ணா சொன்னால் தம்பி மறுத்துப் பேசமாட்டான். வீட்டிலும் ஊரிலும் அது நல்ல பழக்கம். ஆட்டத்துக்குள் அது தோல்விக்கு வழி. எதிரிகள் இருவர் பின்பக்கம் வருவதைப் பையன் பார்த்துவிட்டான். அண்ணா முன்னே போகச் சொல்லிவிட்டார். 'அண்ணா, ஒருக்கால் பொறுங்கோ' என்று அவன் இழுத்து முடிப்பதற்குள் மூவர் விழுந்துவிட்டார்கள். மூத்தவரைச் சேர்க்கும் அணி இதற்கு முதல் நாளே ஒரு விதி வைக்க வேண்டும். ஆட்டம் நடக்கும்போது எல்லோருக்கும் ஆட்டப் பெயர் மட்டும், ஓரிரு எழுத்தில். அண்ணா, தம்பி எல்லாம் ஆட்டம் முடிந்த பிறகு. எங்கள் பயிற்சியில் இந்த விதி வந்த பிறகுதான் இளையவர்கள் பார்த்ததைப் பார்த்த கணத்தில் சொல்லத் தொடங்கினார்கள். பையனின் திருத்தத்தைப் பொறுத்துக்கொள்ள முடியாத மூத்தவர் என்றால், எவ்வளவு அனுபவம் இருந்தாலும் அவரை எடுக்காதீர்கள்.

பயிற்றுநராக வைத்துக்கொண்டால் என்ன?

மூத்தவரை வெளியே உட்காரவைத்து ஆலோசனை கேட்கலாம் என்று சிலர் சொல்வார்கள். மரியாதையான வழிதான். முன்பு ஆடிய ஆட்டங்களின் பதிவைச் சேர்ந்து பார்க்கும்போது அவர் மிகவும் பயன்படுவார். ஆனால் பல போட்டிகளில் ஆட்டம் ஓடும்போது பயிற்றுநர் பேசுவதற்குக் கட்டுப்பாடு உண்டு. முடிவெடுக்க வேண்டிய கணத்தில் அவர் குரல் உள்ளே இருக்காது. டோட்டா 2 ஆடும் ஓஜி அணியின் செப் 2018 இல் பயிற்றுநர் நாற்காலியிலிருந்து எழுந்து ஆடவந்தார். 26 வயதான அவரோடு அன்று ஆடிய அனாவுக்கு 18 வயது, டொப்சனுக்கு 20. அந்த அணி அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் டோட்டா உலகப் போட்டியை வென்றது. வெளியே இருந்தபோது சொல்லிக்கொடுத்ததை அவர் உள்ளே இருந்து செய்துகாட்டினார். ஆகவே மூத்தவருக்கு ஓரளவாவது கை ஓடுகிறது என்றால் உள்ளேயே வையுங்கள்.

முடிவெடுக்கும் வழி

இருவரையும் இரண்டு கிழமை மாறி மாறி ஆடவிடுங்கள். ஒரே மேசை, ஒரே இணைப்பு, அணியில் ஒரே இடம். கொன்ற எண்ணிக்கையைப் பார்க்காமல் மூன்று விடயங்களைக் குறித்துவையுங்கள். இவர் இருக்கும்போது மற்ற நால்வரும் எப்படி ஆடுகிறார்கள்? அணி பின்தங்கியிருக்கும்போது இவர் குரல் எப்படி மாறுகிறது? நேற்றுச் செய்த பிழையை இன்று மறுபடி செய்கிறாரா? மூன்றாவது கேள்வியில் பையன் வென்றால் அவனை எடுங்கள், வயது தானாகக் கூடும். முதல் இரண்டில் மூத்தவர் வென்றால் அவரை எடுங்கள். என் அனுபவத்தில் பெரும்பாலும் மூத்தவரே முதல் இரண்டிலும் முன்னால் நிற்பார். ஏற்கெனவே மூன்று வேகக்காரர்கள் இருக்கும் அணிக்கு அதுதான் தேவை.

பையனுக்கு இந்த வருடம் பரீட்சை என்றால் சோதனையே வேண்டாம். மூத்தவரைச் சேர்த்துக்கொண்டு, பையனிடம் பரீட்சை முடிந்து வரச் சொல்லுங்கள். அதுவரை ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிநேரம், அம்மாவுக்குத் தெரிந்து, மூத்தவரோடு பதிவுகளைப் பார்க்கட்டும். கடைசி எழுத்துத் தாள் முடிந்த மறுநாள் அவனுக்கு ஆறாவது இடம் திறந்திருக்கட்டும். எந்த ஆட்டத்தில் யார் உட்காருவது என்பதை அன்று ஆறு பேரும் சேர்ந்து தீர்மானிக்கலாம்.